மீதி மூன்று வந்தால் முடியாது

11, 111, 1111 என்று ஒன்றுகளை மட்டும் அடுக்கிக்கொண்டே போனால், இடையில் எங்காவது ஒரு முழு வர்க்க எண் வருமா? கணினியை விட்டுத் தேடலாம். ஆயிரம் இலக்கம் வரை தேடியும் அகப்படவில்லை என்றால், அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அதனால் சொல்ல முடியாது. பள்ளியில் படித்த வகுத்தல் சொல்லிவிடும்.

இரட்டைப்படை எண்ணுக்குள் ஒரு 2 இருக்கிறது. அதை அதே எண்ணால் பெருக்கினால் இரண்டு 2கள் சேர்ந்து 4 ஆகும். எனவே வர்க்கத்தை 4ஆல் வகுத்தால் மீதி 0. ஒற்றைப்படை எண்ணை 2க+1 என்று எழுதுவோம். வர்க்கம் 4க²+4க+1, மீதி 1. ஆக, எந்த வர்க்க எண்ணும் 2, 3 ஆகியவற்றை மீதியாகத் தராது. 100 என்பது 4ஆல் சரியாக வகுபடுவதால் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்தால் போதும். 11இன் மீதி 3. கோடி ஒன்றுகளை அடுக்கினாலும் அது வர்க்கம் ஆகாது.

எண்களுக்கு முடிவில்லை, மீதிகளோ நான்கே. முடிவற்ற ஒரு கேள்வியை ஒரு கைக்குள் அடக்கிவிடும் இந்த வழியை விட அழகான நிரூபணம் பள்ளிக் கணக்கில் இல்லை என்பேன்.

இரண்டு வர்க்கங்களைக் கூட்டினாலும் இதே கதைதான். 0, 1 என்ற மீதிகளை எப்படிக் கூட்டினாலும் 3 வராது. 2027ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3. அதை இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எவராலும் எழுத முடியாது.

மீதி 1 வந்தால்? 21க்கு மீதி 1தான், ஆனாலும் முடியவில்லை. பகா எண்ணாக இருந்தால் மட்டும் எப்போதும் முடியும்: 13 என்பது 4+9, 29 என்பது 4+25. ஃபெர்மா இதை 1640 டிசம்பர் 25 அன்று மெர்சென்னுக்கு எழுதிய கடிதத்தில் அறிவித்தார். நிரூபணம் ஆய்லரிடமிருந்து வர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. முடியாது என்று காட்ட மீதி போதும்; முடியும் என்று காட்டுவது கடினமான வேலை.

மீதிகளின் ஆழத்தை ராமானுஜன் 1919இல் வெளியான கட்டுரையில் காட்டினார். 4ஐக் கூட்டலாக 5 விதமாகப் பிரிக்கலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. 9ஐ 30 விதமாக, 14ஐ 135 விதமாக. 5ஆல் வகுக்க மீதி 4 வரும் எந்த எண்ணுக்கும் இந்த எண்ணிக்கை 5ஆல் வகுபடும் என்று அவர் நிரூபித்தார். 7க்கும் 11க்கும் இதே போன்ற விதிகள் உண்டு. வேறு பகா எண்களுக்கு இவ்வளவு எளிய விதி இருப்பதாகத் தெரியவில்லை என்றும் எழுதினார். அவர் கணித்தது சரிதான் என்று ஆல்கிரெனும் பாய்லனும் 2003இல் நிரூபித்தார்கள்.