செயற்கைத் துணைவரும் இயல்பின் நிலைபேறும்

களு கங்கை நீர்த்தேக்கத் திட்டம் மாத்தளை மாவட்டத்துப் பழைய பல்லேகம நகரை நீருள் ஆழ்த்தியது. அதற்கு ஈடாக லக்கலப் புதிய நகர் திறக்கப்பட்டது. புதியதைத் தம் ஊரென ஏற்கவோ மறுக்கவோ அம்மக்களால் இயலும். பழைய ஊரின் நினைவு அவர்களிடமே உள்ளது. மனிதரோடு உரையாடுதற்கென ஆக்கப்படும் செயற்கை நுண்ணறிவுத் துணைவரின் நிலை வேறு. அவற்றின் நினைவும் இயல்பும் அவற்றை ஆக்கியோர் கையிலேயே உள்ளன.

ஜோசப் வைசன்பாம் 1966இல் அறிமுகப்படுத்திய ‘எலைசா’ வகுத்த விதிகளின்படியே விடையிறுத்தது. இன்றைய மொழி மாதிரியோ, முன்வந்த சொற்களைக் கொண்டு அடுத்து வரத்தக்க சொல்லைக் கணிப்பது. முந்தைய உரையாடலைத் தானாக நினைவில் வைத்திருப்பதன்று. எனவே பாத்திரத்தின் பெயர், பேச்சுமுறை, ஏற்பன, மறுப்பன ஆகியவற்றை விவரிக்கும் குறிப்பொன்று ஒவ்வோர் உரையாடலின் தலைப்பிலும் வைக்கப்படுகின்றது. உரையாடல் நீள நீள அக்குறிப்பின் செல்வாக்குத் தளர்கின்றது. மேலும், மனிதரின் பாராட்டை அளவுகோலாகக் கொண்டு பயிற்றப்பட்ட மாதிரி எதிரில் உள்ளவருக்கு இசைந்து போக முற்படுகின்றது. நேற்று மறுத்ததை இன்று ஏற்பது இதனாலேயே.

குறிப்பை இடையிடையே மீள நினைவூட்டல், கடந்த உரையாடல்களின் சுருக்கத்தைச் சேமித்து வேண்டுமிடத்து எடுத்தளித்தல், இயல்பை மாதிரியின் பயிற்சியிலேயே பதித்தல் என்பன இதற்குக் கையாளப்படும் வழிகள். எனினும் ஈண்டு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. துயருற்றவரிடத்துத் தொனி மாறலாம், மாறவும் வேண்டும். விழுமியம் மாறலாகாது. தன்னைத் தானே அழிக்க எண்ணுபவருக்கும் இசைந்து பேசும் துணைவர் துணைவராகார்.

ஆயின் இது தொழில்நுட்பச் சிக்கல் மட்டுமன்று. 2023 பெப்ரவரியில், இத்தாலியத் தரவுப் பாதுகாப்பு அதிகார சபை, ‘ரெப்லிகா’ என்னும் துணைவர் செயலி அந்நாட்டுப் பயனர்களின் தரவுகளைக் கையாளுவதைத் தடைசெய்தது. சிறுவருக்கு ஏற்படக்கூடிய தீங்கு அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அம்மாதத்திலேயே அந்நிறுவனம் பாலியல்சார் உரையாடலை நீக்கியது. பெயரும் உருவமும் அவ்வாறே இருக்க, தம் துணைவர் அந்நியராகிவிட்டதாகப் பயனர் பலர் துயருற்றனர். மார்ச்சு மாதத்தில் பழைய பயனர்களுக்கு மட்டும் முந்தைய நிலை மீளளிக்கப்பட்டது.

கட்டுப்பாடு தேவையற்றதென்பது இதன் பொருளன்று. பலரது அக வாழ்வோடு பிணைந்த ஓர் இயல்பை ஒரு நிறுவனம் தனித்தே மாற்றவும் மீட்கவும் முடிந்தது என்பதே கருதற்பாலது. நிலைபேற்றை யார் பேணுகின்றனர், யாருக்குப் பொறுப்புக் கூறுகின்றனர் என்னும் வினாக்களை விடுத்து அதனை ஆராய்தல் நிறைவுடையதாகாது.