கொம்புப் புற்றும் அதைக் காட்டிக்கொடுக்கும் சாயங்களும்

எருதுகளுக்கு உண்டாகும் நோய்களுள் கொம்புப் புற்று மிகக் கொடியது. இந்தியாவில் இந்நோய் பெரும்பாலும் காயடிக்கப்பட்ட எருதுகளையே பற்றுகிறது; பசுக்களிடத்தில் குறைவு; எருமைகளிடத்தில் அபூர்வம். 5 முதல் 10 வயது வரை, அதாவது நன்றாய் உழைக்கும் பருவத்தில் இது தோன்றுவதால், குடியானவனுக்கு நஷ்டம் ஓர் எருதோடு நிற்பதில்லை. ஜோடி குலைந்து ஏரும் வண்டியும் நின்றுவிடுகின்றன.

அறிகுறிகள்

மாடு அடிக்கடி தலையை உதறும்; கொம்பை மரத்திலும் கம்பத்திலும் தேய்க்கும். நோயுற்ற பக்கத்து நாசியிலிருந்து இரத்தங் கலந்த நீர் வடியும். நாளடைவில் கொம்பின் அடி தளர்ந்து ஒரு புறம் சாயும். முடிவில் கொம்பு கழன்று, பூக்கோசைப் போன்ற சதை வெளிப்பட்டு, துர்நாற்றம் வீசிப் புழு வைக்கும்.

ஆயினும், அடிபட்ட கொம்பிலும் இரத்தமும் சீழும் வடிவதுண்டு. ஆகையால் ஆரம்பத்தில் புண் எது, புற்று எது என்று வெறுங் கண்ணால் நிச்சயிப்பது கடினம். சதைத் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தே ஐயம் தீர்க்கவேண்டும்.

சாயமிடும் முறை

பார்மலினில் ஊறி உறுதிப்பட்ட துண்டின் நீரைச் சாராயத்தால் நீக்கி, மெழுகில் பதித்து, 4 அல்லது 5 மைக்ரான் கனமுள்ள சீவல்களாக அறுக்கிறார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இச்சீவல்கள் ஏறக்குறைய நிறமற்றவை. ஆதலின் சாயம் அவசியமாகிறது. மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுக்கும் ஹேமடாக்ஸிலின், படிகாரத்துடன் சேர்ந்து உயிரணுவின் உட்கருவை நீலமாக்கும். ஈயோஸின் என்னும் செயற்கைச் சாயம் மற்றப் பாகங்களை ரோஜா நிறமாக்கும். 1876-ல் விஸ்ஸோட்ஸ்கி என்பவர் வெளியிட்ட இவ்விரட்டைச் சாயமே இன்றும் நோய்க்கூறு ஆய்வுக்கு அடிப்படை.

புற்றின் அடையாளங்கள்

கொம்பின் உள்ளெலும்பு பொள்ளலானது. அதன் உட்புறம் மெல்லிய சவ்வொன்று படர்ந்திருக்கும். புற்று அதில் தொடங்குகிறது. நல்ல சவ்வில் அணுக்கள் ஒழுங்காய் அடித்தளத்தின்மேல் நிற்கும். புற்றிலோ, உட்கருக்கள் பருத்து, ஒன்றுக்கொன்று ஒவ்வாமல், கருநீலமாய்த் தெரியும். பிரிந்து பெருகும் அணுக்கள் மிகுதியாயிருக்கும். அவை அடித்தளத்தைக் கிழித்துக் கூட்டங்கூட்டமாய் எலும்புக்குள் இறங்கும். அக்கூட்டங்களின் நடுவில் வெங்காயத் தோல்போல் வட்டவட்டமாய் அடுக்கிய செந்நிறக் கொம்புப்பொருள் காணப்படின், இந்நோய்க்கு அது சிறந்த சாட்சி. வெறும் புண்ணில் இவை இரா; பல மடல் உட்கரு உடைய வெள்ளணுக்களே நிறைந்திருக்கும்.

கவனிக்க வேண்டியவை

புற்றின் மேற்பரப்பும் அழுகிச் சீழ் கொள்வதால், அங்கு மட்டும் எடுத்த துண்டு புண் என்றே காட்டும். எனவே கால்நடை மருத்துவர் நோயும் நலமும் சந்திக்கும் விளிம்பில் துண்டெடுப்பார். அதன் கனம் அரை சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. பார்மலின் ஒரு பங்கு, நீர் ஒன்பது பங்கு கலந்து, துண்டைப்போல் பத்து மடங்கு ஊற்றி, வாயகன்ற புட்டியில் உடனே போடவேண்டும். தாமதித்தால் சதை அழுகி, உட்கரு சாயம் பற்றாது. பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதுக, மசி கரைந்துவிடும்.

கொம்பு சாயுமுன் கண்டு, மருத்துவர் அதை அடியோடு அறுத்தெடுத்தால் எருது பிழைத்து மீண்டும் ஏர் பூட்ட இடமுண்டு. எண்ணெயும் பச்சிலையும் வைத்துக் காலங்கடத்தினால், புற்று நெற்றியெலும்பை அரித்த பின் செய்யக்கூடியது சிறிதே. ஆதலின், தலையை உதறும் எருதின் நாசியில் இரத்தங் கண்ட அன்றே கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிச் செல்க.