பச்சைப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

“அதுக்கு என்னாங்க தெரியும், பச்சப் புள்ள!” என்று சொல்லி, பேச்சு வராத பிள்ளையிடம் பேசாமலே இருந்துவிடுகிறவர்கள் நம்மில் உண்டு. அந்தப் பிள்ளையின் காது என்னென்ன வேலை செய்கிறது தெரியுமா?

‘பத்து’ என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து ‘பட்டு’ என்று சொல்லுங்கள். ‘த’ வேறு, ‘ட’ வேறு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் பலருக்கோ இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும்.

இந்தியிலும் இந்த இரண்டு ஒலிகள் உண்டு. கனடா நாட்டு ஆய்வாளர்கள் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் அவற்றை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்க வைத்தார்கள். பிள்ளை தாயின் மடியில் இருக்கும். ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால், பெட்டிக்குள் பொம்மை மிருகம் வெளிச்சத்தோடு ஆடும். ஆறு முதல் எட்டு மாதப் பிள்ளைகளில் பெரும்பாலானவை சரியாகத் திரும்பின! பத்து, பன்னிரண்டு மாதப் பிள்ளைகளில் மிகச் சிலவே திரும்பின. அதே வயதில், இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் தவறாமல் கண்டுபிடித்தன. இது 1984இல் வெளிவந்த ஆய்வு.

எல்லா மொழிக்கும் திறந்த காதோடு பிள்ளை பிறக்கிறது. ஒரு வயதுக்குள் வீட்டுப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, கேட்காத ஒலிகளைக் கழித்துவிடுகிறது. பிறகும் படிக்கலாம், ஆனால் பாடுபட வேண்டும்.

சரி, கைத்தொலைபேசியில் பாட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டால் போதாதா? அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெட்ரீஷியா கூல் குழுவினர் இதையும் சோதித்தார்கள். சீன மொழி பேசுகிறவர்கள் ஒன்பது மாத அமெரிக்கப் பிள்ளைகளோடு 12 தடவை உட்கார்ந்து, புத்தகம் காட்டி, விளையாடிப் பேசினார்கள். அந்தப் பிள்ளைகளின் காது சீன ஒலிகளைப் பிரித்துக் கண்டது. வேறு பிள்ளைகளுக்கு அதே ஆட்களின் பேச்சைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஒன்றும் ஏறவில்லை! 2003இல் வெளிவந்த முடிவு இது.

“வூட்ல தமிழ் பேசினா புள்ள மலாய்லயும் இங்கிலீஷ்லயும் பின்தங்கிடும்” என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கனடாவின் மொன்றியல் நகரில் பத்து வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 1962இல் வெளிவந்தது. பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டும் நன்றாக அறிந்த பிள்ளைகள், ஒரு மொழி மட்டும் அறிந்தவர்களுக்குப் பின்தங்கவில்லை, முந்தியே நின்றார்கள்.

ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே! வேலைக்காட்டிலிருந்து களைத்துத்தான் வருகிறீர்கள். இருந்தாலும் குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் பிள்ளையின் முகம் பார்த்து நாலு வார்த்தை பேசுங்கள். பாட்டி கதை சொன்னால் சொல்லட்டும். காசு செலவில்லாத இந்தப் பாடத்தை முதல் வருடத்திலேயே தொடங்கிவிடுங்கள்.