தனியா விட்டா நாய் ஏன் கதவைக் கடிக்குது?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் நாய் வளர்க்கிறவங்களுக்கும், வளர்க்கலாமான்னு யோசிச்சுட்டு இருக்கிறவங்களுக்கும். நாய் இருக்கிற ஃப்ளாட்டுக்கு மேலயோ கீழயோ குடியிருக்கிறவங்களும் கேளுங்க. உங்களுக்கும் இதுல பங்கு இருக்கு.

எங்க வீட்டு நாய் பேரு முறுக்கு. நாட்டு நாய். வால் கைமுறுக்கு மாதிரி சுத்திக்கிட்டு இருக்கும், அதான் அந்தப் பேரு. முழுநேர ஒர்க் ஃப்ரம் ஹோம் இருந்த காலத்துல தெருவுல இருந்து குட்டியா எடுத்துட்டு வந்தேன். கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் நான் இருக்கிற ரூம்லதான் அவனும் இருப்பான். ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல என் முறை வரும்போது சரியா சத்தமா ஒரு கொட்டாவி விடுவான். டீம்ல எல்லாருக்கும் அவனைத் தெரியும்.

அப்புறம் ஆபீஸுக்கு வரச் சொன்னாங்க. வாரத்துக்கு மூணு நாள். முதல் நாள் சாயந்திரம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தா, கதவோட கீழ்ப்பக்கம் மரம் செதில் செதிலா பேந்து கிடக்கு. மிதியடி நாலு துண்டு. வாசப்படி ஓரமா மூத்திரம் போயிருக்கான். அவன் காதைப் பின்னாடி ஒட்ட வச்சுக்கிட்டு, வாலை உள்ள இழுத்துக்கிட்டு, என்னை நேரா பாக்காம சுவத்தைப் பாத்துட்டு நிக்கிறான். 'பண்றதையும் பண்ணிட்டு முழியைப் பாரு'ன்னு நல்லா கத்தினேன். அவனுக்குப் புரிஞ்சிடுச்சுன்னு நினைச்சேன்.

புரியல. அடுத்தடுத்த வாரம் இன்னும் மோசமாச்சு. அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல புகார் வந்துச்சு. ஹவுஸ் ஓனர் போன் பண்ணி, 'ஒரு மாசத்துல நாயை எங்கயாவது கொடுத்துடுங்க, இல்லன்னா வேற வீடு பாருங்க'ன்னார். தத்துக் கொடுக்கிறதுக்கான போஸ்ட்டை டைப் பண்ணி டிராஃப்ட்ல வச்சிருந்தேன். அதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

போஸ்ட் போடுறதுக்கு முன்னாடி, கீழ் வீட்டுப் பாட்டிகிட்ட மன்னிப்பு கேட்கப் போனேன். 'குரைச்சுத் தொந்தரவு பண்றான் பாட்டி, மன்னிச்சுக்கோங்க'ன்னேன். பாட்டி சொன்னாங்க: 'தம்பி, அது குரைக்கலப்பா. அழுவுது. நீ படி இறங்கினதும் ஆரம்பிக்குது.'

முதல்ல லாக் எடுக்கணும்

நான் சாஃப்ட்வேர் ஆளு. ஒரு பக் வந்தா முதல்ல லாக் பாப்பேன். என் வீட்டுல நடந்த இந்த விஷயத்துக்கு மட்டும் லாக்கே பாக்காம நேரா திட்டிட்டு இருந்திருக்கேன். அடுத்த நாள் ஒரு பழைய போனை ஷெல்ஃப்ல வச்சு வீடியோ ஓடவிட்டுட்டுக் கிளம்பினேன்.

நான் கதவைப் பூட்டின அடுத்த நிமிஷமே முறுக்கு வாசலுக்கும் பால்கனிக்கும் நடக்க ஆரம்பிக்கிறான். எச்சில் ஒழுகுது. மூச்சு இரைக்குது. அப்புறம் ஊளை, கதவைப் பிராண்டுறது. நான் வச்சுட்டுப் போன சிக்கன் துண்டுங்க அப்படியே கிடக்கு. சிக்கனைத் தொடாத முறுக்கை நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல.

இங்கதான் ஒரு முக்கியமான வித்தியாசம். போரடிச்சு வீட்டைக் கலைக்கிற நாய் பெரும்பாலும் முதல்ல தூங்கும், அப்புறம் எழுந்து ஷூவையோ தலையணையையோ எடுத்து விளையாடும், வச்ச தீனியையும் தின்னுடும். தனிமை பயம் இருக்கிற நாய் நீங்க போன சில நிமிஷத்துலயே ஆரம்பிக்கும். கடி, பிராண்டல் எல்லாம் பெரும்பாலும் வெளிய போற வழியில இருக்கும்: கதவு, ஜன்னல், கிரில். தீனியைத் தொடாது. இதை இங்கிலீஷ்ல செப்பரேஷன் ஆங்ஸைட்டின்னு சொல்றாங்க. முறுக்கு என்னைப் பழிவாங்கல. எனக்குப் பின்னாடியே வர வழி தேடிட்டு இருந்தான்.

அப்போ அந்தக் குற்றவாளி முகம்?

'ஆனா அவன் முகத்துலயே தெரிஞ்சுதே, தப்பு பண்ணினது?' நானும் இதையேதான் சொன்னேன். அமெரிக்காவுல பர்னார்ட் கல்லூரியில நாய்களோட அறிவைப் பத்தி ஆராய்ச்சி பண்ற அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ், 2009-ல இதைப் பத்தி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 14 நாய்கள். ஓனர் நாய்கிட்ட 'இந்தத் தீனியைத் தின்னக் கூடாது'ன்னு சொல்லிட்டு ரூமை விட்டு வெளிய போவார். திரும்பி வரும்போது நாய் தின்னுடுச்சா இல்லையான்னு ஆய்வாளர் சொல்றதை வச்சுத்தான் அவருக்குத் தெரியும். சில தடவை வேணும்னே தப்பாச் சொன்னாங்க.

நாய் உண்மையிலேயே தின்னுச்சா இல்லையாங்கிறதுக்கும் அந்தக் குற்றவாளி முகத்துக்கும் சம்பந்தமே இல்ல. ஓனர் திட்டினா அந்த முகம் வந்துச்சு. அதுலயும் ஒண்ணுமே பண்ணாம திட்டு வாங்கின நாய்கள்கிட்ட அது இன்னும் அதிகமாத் தெரிஞ்சுது.

காதைப் பின்னாடி ஒட்டுறது, உதட்டை நக்குறது, முகத்தைத் திருப்பிக்கிறது எல்லாமே 'நீ கோவமா இருக்க, என்னை ஒண்ணும் பண்ணிடாத'ங்கிற சமாதான சிக்னல்கள். காலையில பண்ணின காரியத்துக்கான வருத்தம்னு நாமதான் அதைப் படிச்சுக்கிறோம்.

இதுல டைமிங்கும் முக்கியம். ஒரு செயலுக்கும் அதோட விளைவுக்கும் நடுவுல சில செகண்டுதான் இருக்கணும், அப்பதான் நாய் ரெண்டையும் சேர்த்துக் கத்துக்கும். காலையில ஒன்பது மணிக்குக் கதவைக் கடிச்சதுக்கு சாயந்திரம் ஆறரைக்குத் திட்டினா, அது எதோட சேரும்? நான் வீட்டுக்குள்ள வர்றதோட சேரும். நான் போனாலும் பயம், வந்தாலும் பயம். அந்த ரெண்டாவது பயத்தை உருவாக்கினது நான்தான்.

சாவிச் சத்தம்

பாவ்லோவ் கதை நிறையப் பேருக்குத் தெரியும். ரஷ்ய விஞ்ஞானி, செரிமான ஆராய்ச்சிக்காக 1904-ல நோபல் பரிசு வாங்கினவர். சாப்பாடு வாய்க்கு வர்றதுக்கு முன்னாடியே, கொண்டு வர்ற ஆளைப் பாத்ததுமே நாய்க்கு எச்சில் ஊறுறதை கவனிச்சு, 'ஒண்ணுக்கு அப்புறம் இன்னொண்ணு'ன்னு மூளை எப்படி முடிச்சுப் போடுதுன்னு ஆராய்ச்சி பண்ணினார்.

முறுக்கும் அதையேதான் பண்ணிட்டு இருந்தான். குக்கர் விசில், டிஃபன் பாக்ஸ் மூடி, லேப்டாப் பேக் ஜிப், சாக்ஸ், சாவி. இந்த வரிசை முடிஞ்சா நான் காணாமப் போயிடுவேன். வீடியோவைத் திரும்பிப் பாத்தப்போ, ஜிப் சத்தத்துலயே அவனுக்கு மூச்சு இரைக்க ஆரம்பிச்சிருக்கு. நான் கதவைத் தாண்டுறதுக்குள்ள அவன் ஏற்கனவே பாதி பயத்துல இருக்கான்.

பயிற்சி: நாலு செகண்ட்ல இருந்து

முதல்ல கால்நடை மருத்துவர்கிட்ட காட்டினேன். வீட்டுக்குள்ள மூத்திரம் போறதுக்கு சிறுநீர்த் தொற்று மாதிரி உடம்புக் காரணமும் இருக்கலாம். அது இல்லைன்னு தெரிஞ்சப்புறம் மூணு விஷயம் பண்ணினேன்.

ஒண்ணு, வரிசையை உடைக்கிறது. சாவியை எடுத்துட்டு சோபால உக்காருவேன். ஷூ போட்டுட்டு பாத்திரம் தேய்ப்பேன். பேக்கை மாட்டிட்டு டிவி பாப்பேன். ஒரு நாளைக்குப் பல தடவை. ரெண்டு மூணு வாரத்துல சாவிச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கிக்கூடப் பாக்கல.

ரெண்டு, கதவு. இங்க ஒரே ஒரு விதி: நாய் பயப்பட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி திரும்பி வந்துடணும். முறுக்கோட எல்லை முதல் நாள் நாலு செகண்ட். கதவைத் திறந்து வெளிய போய், மூடி, மூணு செகண்ட்ல உள்ள வருவேன். ஆர்ப்பாட்டமும் கிடையாது, கொஞ்சலும் கிடையாது. அப்புறம் அஞ்சு, மூணு, ஏழு, நாலு, பத்துன்னு மாத்தி மாத்தி. ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கிட்டே போனா 'இது கஷ்டமாயிட்டே போகுது'ன்னு நாய் கண்டுபிடிச்சிடும். வெளிய நின்னு போன்ல வீடியோ கால் வழியா அவனைப் பாத்துக்கிட்டே இருப்பேன். நடக்க ஆரம்பிச்சாலோ மூச்சு இரைச்சாலோ, நான் எல்லையைத் தாண்டிட்டேன்னு அர்த்தம். அடுத்த தடவை குறைச்சுக்கணும்.

எதிர் ஃப்ளாட் அண்ணன் மூணு நாள் பாத்துட்டு, 'சாவி எதுவும் தொலைஞ்சுபோச்சா தம்பி?'ன்னு கேட்டார்.

மூணாவதுதான் ரொம்பக் கஷ்டம். பயிற்சி நடக்கிற காலத்துல அவனை அவன் எல்லைக்கு மேல தனியா விடக் கூடாது. காலையில பத்து செகண்ட் பழக்கிட்டு, மதியம் எட்டு மணி நேரம் பூட்டிட்டுப் போனா, காலையில கட்டினதை மதியம் இடிச்ச மாதிரி. கீழ் வீட்டுப் பாட்டியே வந்து 'செவ்வாய், வியாழன் இங்க விடு'ன்னாங்க. பூஜை ரூம் பக்கம் வரக் கூடாது, பால்கனியில பாயில படுக்கணும், அதுதான் ஒப்பந்தம். புதன்கிழமை டாக் டே-கேர். அந்தச் செலவு என் மாசச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டுச்சு. இப்படி ஆள் கிடைக்கிறது எனக்கு அதிர்ஷ்டம்னு தெரியும். நாய் எடுக்கிறதுக்கு முன்னாடியே 'நான் இல்லாத நேரம் யார்?'ங்கிற கேள்விக்குப் பதில் வச்சுக்கோங்க.

செய்யக் கூடாதது

பழக்கமில்லாத நாயைக் கூண்டுல பூட்டிட்டுப் போகாதீங்க. பயம் அப்படியே இருக்கும், கம்பியைக் கடிச்சுப் பல்லையும் நகத்தையும் உடைச்சுக்கும். குரைச்சா ஷாக் அடிக்கிற காலர் போடாதீங்க. தீ அலாரம் சத்தம் போடுதேன்னு அதைக் கழட்டி வைக்கிற வேலை அது. 'துணைக்கு இன்னொரு நாய்'னு அவசரப்பட்டும் எடுக்காதீங்க. நிறைய நாய்களுக்கு வேணும்கிறது மனுஷத் துணைதான், நாய்த் துணை இல்ல.

பயம் ரொம்ப அதிகமா இருந்தா மருந்து இருக்கு. அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. இந்தப் பிரச்சினைக்காகவே நாய்களுக்கு 1998-ல குளோமிப்ரமின், 2007-ல ஃப்ளூவாக்ஸெட்டின் மாத்திரைகளுக்கு ஒப்புதல் கொடுத்திருக்கு, பயிற்சியோட சேர்த்துக் கொடுக்கிறதுக்காக. மருத்துவர் எழுதிக் கொடுத்தா வெட்கப்பட ஒண்ணுமில்ல. நீங்களா மனுஷ மாத்திரையை உடைச்சுக் கொடுக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அசோசியேஷன் விஷயம்

1962-ல ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில ஆரம்பிச்சது இந்திய விலங்குகள் நல வாரியம். 2015-ல அவங்க வெளியிட்ட வழிகாட்டுதல்படி, குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டுக்கூட செல்ல நாய்களைத் தடை பண்ண முடியாது. குரைக்கிறதைக் காரணம் காட்டித் தடை பண்ணவும் முடியாது. அதே சமயம், நாயால மத்தவங்களுக்குத் தொந்தரவு வராமப் பாத்துக்க வேண்டியது வளர்க்கிறவங்க பொறுப்புன்னும் அது சொல்லுது.

நான் அந்தச் சுற்றறிக்கையை குரூப்ல போட்டு சண்டை போட்டிருக்கலாம். அதுக்குப் பதிலா அந்த வீடியோவுல ஒரு நிமிஷத்தைப் போட்டு, 'இதுக்குப் பயிற்சி ஆரம்பிச்சிருக்கேன், மூணு மாசம் டைம் கொடுங்க'ன்னு கேட்டேன். மேல் மாடியில நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டுப் பகல்ல தூங்குறவர் ஒருத்தர் இருக்கார். அவரோட கோவம் நியாயமானது. அவர்கிட்ட நேர்ல போய்ப் பேசினேன். ஓனரும், புதுக் கதவுக்கு நான் காசு கொடுக்கிறேன்னதும் இறங்கி வந்தார்.

இப்போ

முதல் மாச முடிவுல அஞ்சு நிமிஷம். மூணாவது மாசம் அரை மணி நேரம். அதைத் தாண்டினப்புறம் கொஞ்சம் வேகமா ஏறுச்சு. தீபாவளிக்கு வெடிச் சத்தத்துல திரும்பப் பத்து நிமிஷத்துக்கு வந்துட்டான், மறுபடி ஏத்தினேன். எட்டு மாசம் ஆச்சு, இப்போ மூணரை மணி நேரம் தனியா இருப்பான். பெரும்பாலும் என் அழுக்கு டி-ஷர்ட் மேல படுத்துத் தூங்குறான். ஆபீஸ் நாள்ல இன்னும் பாட்டி வீடுதான். பாட்டியும் இப்போ 'இன்னைக்கு வரலையா?'ன்னு கேட்கிறாங்க.

உங்க வீட்டுலயும் கதவு கிழிஞ்சிருந்தா, திட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் வீடியோ எடுத்துப் பாருங்க. அந்த டிராஃப்ட் போஸ்ட்டை நான் போன மாசம்தான் அழிச்சேன். அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாத்தேன். 'கொஞ்சம் அடம், வீட்டைக் கலைப்பான்'னு எழுதியிருந்தேன். ரெண்டுமே தப்பு.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.