வினாத்தாளும் கோலப்பொடியும்

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் உள்ளது. திங்கட்கிழமைதோறும் அங்கு நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு மனுவோடு வருவோரிடையே பெண்களையும் காணலாம். கணவர் மறைந்தபின் பட்டா மாற்றம், கைம்பெண் உதவித்தொகை, வீட்டுமனை என அவர்தம் வேண்டுகோள்கள் பல. அம்மனுக்களை எண்ணித் தொகுத்தால் பெண்களின் பொருளியல் நிலையும் சட்ட உரிமையும் விளங்கிவிடும் என்று கருதுவோர் உளர். ஆனால் மனுவே எழுதாதவர் அத்தொகுப்பில் இரார். பிறந்த வீட்டு நிலத்தில் தமக்குப் பங்குண்டு என்று அறிந்தும் வாய் திறவாதவர், உடன்பிறந்தான் நீட்டிய விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டுவிட்டுப் புகுந்த வீடு திரும்பியவர் ஆகியோரின் இழப்பை எந்த ஏடும் குறையெனப் பதிவதில்லை. அத்தகையோரின் நிலையை அறிய, ஆராய்வோரும் ஆராயப்படுவோரும் ஒருங்கே அமர்ந்து வினாவை வகுக்கும் முறை வேண்டும். அதனையே பங்கேற்பாய்வு என்பர்.

இம்முறைக்கும் இம்மண்ணுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. திருவண்ணாமலை 1989 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 1973-74ஆம் ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பசுமைப் புரட்சியின் விளைவுகளை அறிய வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் விரிவான வினாத்தாள்களோடு கணக்கெடுத்தனர். அக்குழுவில் ஒருவர் இராபர்ட் சேம்பர்சு. நீண்ட வினாத்தாள் ஆய்வுகளின் குறைகளைப் பின்னாளில் கடுமையாகச் சாடியவரும், 1980களின் இறுதியில் இந்தியத் தொண்டு நிறுவனங்களோடு இணைந்து ஊரகப் பங்கேற்பு மதிப்பீட்டு முறையை உலகறியச் செய்தவரும் அவரே.

1983இல் வெளிவந்த நூலில் அவர் ஆய்வாளரின் சாய்வுகளை வகைப்படுத்தினார். தார்ச்சாலையை ஒட்டிய ஊரையே பார்ப்பது ஒன்று. மழைக்காலத்தில் போகாமல் வறண்ட நாளில் மட்டும் போவது மற்றொன்று. ஊர்ப் பெரியவர்களையும் ஆண்களையும் மட்டும் கேட்டறிவது இன்னுமொன்று. வேங்கிக்கால் வேலூர்ச் சாலையில் உள்ளது. இங்கு வந்து கோப்புகளைப் படித்துத் திரும்பும் ஆய்வாளர் சவ்வாது மலையின் சமுனாமரத்தூர்ப் பக்கம் ஏறாமலே மாவட்டத்தைப் பற்றி எழுதிவிட இயலும். அவ்வாறு எழுதப்படுவது அறிவியல் ஆகாது.

வினா மாறினால் விடை எவ்வளவு மாறும் என்பதற்கு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பே சான்று. "வேலைக்குப் போகிறீர்களா?" என்று கேட்டால், "இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்" என்று விடை வரும். விடியல் முதல் உறங்கும் வரை மணிவாரியாகக் கேட்டால் தண்ணீர் சுமந்தது, மாட்டுக்குத் தீவனம் வைத்தது, முதியோரைப் பேணியது யாவும் வெளிப்படும். தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் 1998-99இல் இவ்வகைக் கணக்கெடுப்பு நடந்தது. 2019இல் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 மணித்துளிகள் செலவிட்டார். ஈடுபடும் ஆண் 97 மணித்துளிகள்.

பங்கேற்பாய்வில் இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். பெண்கள் தெருமுனையில் கூடி, தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கோலப்பொடியால் ஊரின் படத்தை வரைவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் அப்பொடி கைவந்தது. எழுதுகோலைக் கண்டு ஒதுங்குபவர் இங்கு முன்வந்து வரைவார். ஆண்கள் வரையும் படத்தில் ஏரி, சாலை, கோயில், வயல் முதலில் இடம்பெறும். பெண்களின் படத்திலோ குழாயடியும், விறகுக்குச் செல்லும் வழியும், இரவில் நடக்க அஞ்சும் திருப்பமும் வந்து சேரும். அடுத்து, வீடுவீடாகப் புளியங்கொட்டை வைப்பர். பட்டா யார் பெயரிலோ அவர்க்கு ஒன்று, அந்நிலத்தில் களையெடுத்து நாற்று நடுவோர்க்கு ஒன்று, விளைச்சலை விற்ற பணத்தைக் கையில் வாங்குவோர்க்கு ஒன்று. மூன்று கொட்டைகளும் ஒருவரிடமே சேரும் வீடு எது, பிரிந்து கிடக்கும் வீடு எது என்பதை வட்டமாக நிற்கும் அனைவரும் ஒரே நேரத்தில் காண்பர். தவறாக வைத்ததைப் பக்கத்து வீட்டார் திருத்துவர். அத்திருத்தமே இம்முறையின் சரிபார்ப்பு; அதனோடு பட்டா, சிட்டா நகல்களையும் தனி உரையாடல்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபின்னரே முடிவு உறுதிப்படும்.

ஆயினும் உரிமை பற்றிய ஆய்வில் கூட்டத்தை மட்டும் நம்பலாகாது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு மார்ச்சு 25 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், அந்நாளில் திருமணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கை வழங்கியது. 2005இல் நடுவணரசு கொண்டுவந்த திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், "பங்கு கேட்டால் பொறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும்" என்னும் அச்சம் நீங்கவில்லை. அதனைப் பலர் முன்னிலையில், உடன்பிறந்தானின் மனைவியும் அமர்ந்திருக்கும் வட்டத்தில், எப்பெண் சொல்வாள்? பொதுவில் ஒத்த கருத்தாகத் தோன்றுவது வலியோரின் கருத்தாகவே இருக்கக்கூடும் என்று 2001இல் குக், கோத்தாரி இருவரும் தொகுத்த நூல் எச்சரித்தது. அவ்வெச்சரிக்கையை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். படம் பொதுவில் வரையப்படட்டும். பங்கு பற்றிய பேச்சு தனியறையில், பெண் ஆய்வாளரோடு, பெயர் குறிக்காமல் நிகழட்டும்.

பெண்களின் சொத்து நிலையை இவ்வளவு முயன்று அறிய வேண்டுமா என்று கேட்போர்க்குத் திருவனந்தபுரம் மாவட்ட ஆய்வு விடை தருகிறது. பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் 2005இல் வெளியிட்ட அவ்வாய்வில், நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவரின் அடி உதைக்கு ஆளானதாகக் கூறினர். இரண்டும் உடைய பெண்களிடையே அது 7 விழுக்காடே.

சவ்வாது மலைக்கு மீண்டும் வருவோம். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர்க்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. அதன் 2ஆம் பிரிவே பட்டியல் பழங்குடியினரை விலக்கி வைக்கிறது. இதனை மாற்றுவது குறித்து ஆராயுமாறு 2022 திசம்பரில் உச்ச நீதிமன்றம் நடுவணரசைக் கேட்டுக்கொண்டது. மலைப்பெண்களின் வழக்காறு என்ன, அவர்கள் வேண்டுவது என்ன என்பதை அவர்களோடு அமர்ந்து கண்டறியும் பணி, சட்டம் இயற்றுவோர்க்கு இன்றியமையாதது.

இம்மாவட்டத்தில் ஆய்வு செய்ய முனையும் கல்லூரி மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். கூட்டத்துக்கு வரும் பெண் அன்றைய கூலியை இழந்து வருகிறாள். அதனை ஈடு செய்யுங்கள். தரையில் வரைந்த படத்தைத் தாளில் படியெடுக்கும்போது இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை அவ்வூர் மகளிர் குழுவிடம் ஒப்படையுங்கள். ஆய்வு முடிவைத் தமிழில் எழுதி, எவர் பெயரும் வெளிப்படாதவாறு, அடுத்து வரும் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள்.