மன்னார்க் கடலடியில் எண்ணெய்தாங்கு பாறைகள்

பெற்றோலியம் நிலத்தினடியில் ஏரிபோலத் தேங்கிக் கிடக்கின்றது என்றும், துளையிட்டவிடத்து அது ஊற்றுப்போலப் பொங்கி எழும் என்றும் எண்ணுவோர் இன்றும் பலர். உண்மை அதுவன்று. எண்ணெயும் இயற்கை வாயுவும் பாறைக்குள்ளேயே, மணிக்கும் மணிக்கும் இடையே அமைந்த நுண்ணிய துளைகளில் அடங்கியுள்ளன. நீரிலே ஊறிய செங்கல் புறத்தே கல்லாகத் தோன்றினும் அகத்தே நீரைக் கொண்டிருத்தல் போல்வது இது. ஆகலின், ஒரு கடலடியில் எண்ணெய் உண்டா என்னும் வினாவோடு வேறு சில வினாக்களும் உடன்வருவன. அதனைத் தாங்கத்தக்க பாறை உண்டா, அதன் தடிப்பு யாது, எத்துணைத் தூரம் பரந்துள்ளது, தன்னுள் அடங்கியதை வெளியே விடுமா என்பன அவை.

இப்பாறையின் தகுதி இரண்டு இயல்புகளால் அளவிடப்படும். பாறையின் கனவளவில் எத்தனை வீதம் வெற்றிடம் என்பது நுண்டுளைமை. அவ்வெற்றிடங்கள் ஒன்றோடொன்று தொடர்புற்றுப் பாய்பொருளைச் செல்லவிடுந் தன்மை ஊடுபுகவிடுமியல்பு. இவையிரண்டும் ஒன்றெனக் கருதுதல் பெரும்பிழை. களிமண் மிக்க நுண்டுளைமை உடையது. ஆயினும் அதனூடு நீர் எளிதிற் செல்லாது என்பதைக் குளங்கட்டுவோர் நன்கறிவர். பருக்கை ஒத்தனவாய், களி கலவாதனவாய் உள்ள மணற்கற்கள் இவ்விரண்டு இயல்புகளையும் ஒருங்கே பெற்றிருத்தல் கூடும். அவையும் ஆழத்திற் புதையுண்டு அழுத்தத்தாலும், துளைகளிற் படியும் கனிப்பொருள்களாலும் நாளடைவில் இறுகிப்போதல் உண்டு.

கடலடிப் பாறையை நேரிற் சென்று காண இயலாது. ஆழ்கடலில் ஒரு கிணறு துளைத்தல் பெருஞ்செலவுடைய கருமம். எனவே முதலில் ஒலியின் துணை நாடப்படுகின்றது. ஆய்வுக் கப்பலொன்று அமுக்கிய வளியை நீருக்குள் திடீரென வெளிவிடும் கருவிகளையும், பல கிலோமீற்றர் நீளமான ஒலிவாங்கி வடங்களையும் பின்னே இழுத்துச் செல்லும். வளியின் வெடிப்பால் எழும் அலை கீழே சென்று, பாறைப் படைகளின் எல்லைகளிற் தெறித்து மீளும். எல்லையின் இருபுறத்துப் பாறைகளும் எவ்வளவு வேறுபட்டனவோ அவ்வளவுக்குத் தெறிப்பும் வலியதாகும். அடர்த்தியை ஒலி செல்லும் வேகத்தாற் பெருக்கி வருவது அப்பாறையின் ஒலித்தடங்கல். இத்தடங்கலின் வேறுபாடே தெறிப்புக்குக் காரணம். கணனியின் உதவியால் இத்தெறிப்புக்கள் ஒழுங்குபடுத்தப்பட்டு நிலத்தின் உட்படமாக அமைகின்றன.

இப்படம் காண்பதற்கு நிலத்தை வெட்டிக் காட்டியது போலத் தோன்றினும், அதன் கீழ்நோக்கிய அளவு ஆழமன்று, நேரமே ஆகும். 1,354 மீற்றர் ஆழமான கடலில், நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லுமெனக் கொள்ளின், கடலடிக்குச் சென்று மீள 1.8 செக்கன் ஆகும். நீரின் வேகம் ஓரளவு தெரிந்தது. அதன்கீழ் உள்ள ஒவ்வொரு பாறையின் வேகமுந் தெரிந்தாலன்றி நேரத்தை ஆழமாக மாற்றல் இயலாது.

படத்தின் கூர்மைக்கும் எல்லை உண்டு. பாறையில் அலை செக்கனுக்கு 3,000 மீற்றர் செல்கின்றதென்றும், அதன் மீடிறன் செக்கனுக்கு 30 என்றும் கொண்டால் அலைநீளம் 100 மீற்றர். அலைநீளத்தின் காற்பங்கிலும் மெல்லிய படையின் மேற்பரப்பும் கீழ்ப்பரப்பும் வேறுபட்டுத் தோன்றா. எனவே இவ்வாழத்தில் 25 மீற்றருக்குக் குறைந்த மணற்கல் படையொன்றின் தடிப்பைப் படத்திலே நேரே அளந்துவிட முடியாது. மாளிகையொன்றின் உயரத்தைக் காட்டி, அதன் மாடிகளைக் காட்டாது மறைக்கும் கண்ணாடி போன்றது இது.

வாயு நிறைந்த மணற்கல்லில் ஒலியின் வேகமும் அடர்த்தியும் குறைவதனால் அதன் தெறிப்புப் பல இடங்களில் மிகப் பிரகாசமாகத் தோன்றும். இதனைக் கண்டு மகிழ்ந்து துளைத்தோர் ஏமாந்ததும் உண்டு. துளைநீரில் சிறிதளவு வாயு கலந்தாலும் வேகம் பெரிதுங் குறைந்துவிடும். அதன்பின் வாயு எத்துணைப் பெருகினும் வேகம் அவ்வளவாக மாறாது. பயனற்ற சிறு வாயுவும் பயனுள்ள பெருவாயுவும் ஒலியின் முன் ஏறக்குறைய ஒருதன்மையனவே. மன்னார் வடிநிலத்தில் எரிமலைப் பாறைகளும் உண்டு. கொண்டுவானாப் பெருநிலம் பிளந்த காலத்திலிருந்து உருவான அவ்வடிநிலத்தில், கிரெற்றேசியக் காலத்தின் பிற்பகுதியில் தீப்பாறைகள் புகுந்தன. இக்கடும் பாறைகள் ஒலியை வலிதாகத் தெறிக்கச் செய்து, தமக்குக் கீழுள்ளவற்றைத் தெளிவாகக் காணவொட்டாது தடுக்கின்றன.

ஒலி கூறுவதை உறுதிசெய்யவோ மறுக்கவோ வல்லது துளைக்கிணறே. கிணற்றுள் கருவியை இறக்கிப் பாறையின் மின்தடையை ஆழந்தோறும் அளக்கும் முறையைப் பிரான்சு நாட்டுச் சகோதரர்களான கொன்ராட்டு சிலும்பேசரும் மாசல் சிலும்பேசரும் வகுத்தனர்; 1927 ஆம் ஆண்டில் அல்சேசு மாகாணத்துப் பெச்செல்புரோன் என்னுமிடத்தில் அது முதன்முதல் கையாளப்பட்டது. இன்று ஒரே கருவித்தொகுதியிற் பல அளவீடுகள் பெறப்படும். களிப்பாறை, தன்னுள் உள்ள பொற்றாசியம், தோரியம் முதலியவற்றாற் காமாக் கதிர்களை மிகுதியாக வீசும். தூய மணற்கல் பெரும்பாலுங் குறைவாக வீசும். இவ்வாறு மணலுங் களியும் பிரித்தறியப்படும்.

அடர்த்தியிலிருந்து நுண்டுளைமையைக் கணித்தல் எளிது. மணற்கல்லின் பெரும்பகுதியான படிகக்கல்லின் அடர்த்தி 2.65, துளைநீரின் அடர்த்தி 1 எனக் கொள்க. கருவி 2.32 என்று காட்டின், 0.33 ஐ 1.65 ஆற் பிரிக்க வருவது 0.20, அஃதாவது நுண்டுளைமை 20 வீதம். நியூத்திரன் கருவியோ ஐதரசனின் அளவைக் காட்டுவது. வாயுவில் ஐதரசன் செறிவு குறைவாதலால், அக்கருவி நுண்டுளைமையைக் குறைத்துக் கூறும். அடர்த்திக் கருவி அதனை மிகைப்படுத்தும். இரு கோடுகளும் ஒன்றையொன்று குறுக்கறுத்துச் செல்லும் இடம் வாயு உண்டென்பதற்கு நல்ல சான்று. தனித்தனியே பிழைபடும் இரு கருவிகள் தம் பிழைகளின் வாயிலாகவே உண்மையை உணர்த்துதல் இத்துறையின் சுவையான பகுதி எனலாம்.

துளைகளில் எத்தனை பங்கு நீர், எத்தனை பங்கு எண்ணெய் அல்லது வாயு என்பதை மின்தடை உணர்த்தும். உவர்நீர் மின்னைக் கடத்தும்; எண்ணெயும் வாயுவுங் கடத்தா. நுண்டுளைமை, நீரின் பங்கு, மின்தடை ஆகிய மூன்றையும் தொடர்புபடுத்தும் சமன்பாட்டை ஆச்சி என்னும் அமெரிக்க அறிஞர் 1942 ஆம் ஆண்டில் வெளியிட்டார். களி கலந்த மணலில் அது திருத்தமின்றிப் பொருந்தாது. ஊடுபுகவிடுமியல்பை அறிதற்கோ பாறைத்தண்டை வெட்டியெடுத்துச் சோதித்தலும், கிணற்றைச் சிறிது காலம் பாயவிட்டு அளத்தலுமே நம்பத்தக்க வழிகள்.

கிணறு ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளியிற் பாறையை அறியும். ஆனால் தன் சுவருக்கு அப்பால் ஓரிரு மீற்றர் தானும் அறியாது. ஒலியோ பல நூறு சதுர கிலோமீற்றரை ஒருங்கே காணும். ஆனால் மங்கலாகவே காணும். ஆகவே இவ்விரண்டையும் பிணைத்தல் இன்றியமையாதது. கிணற்றில் அளந்த வேகத்தையும் அடர்த்தியையும் பெருக்கி ஒலித்தடங்கல் கோடு வரைந்து, அதிலிருந்து அவ்விடத்தில் எழவேண்டிய தெறிப்பு எத்தகையதெனக் கணித்து, கப்பல் பெற்ற தெறிப்போடு ஒப்புநோக்குவர். இரண்டும் பொருந்தின், நேரம் ஆழமாக மாறும். இன்ன தெறிப்பு இன்ன மணலின் தலை என்பதும் துணியப்படும். அதன்பின் கிணறில்லாத இடங்களிலும் தெறிப்பின் வலிமையைக் கொண்டு நுண்டுளைமையை உய்த்துணர முயல்வர். கிணற்றிலிருந்து தொலைவு செல்லச் செல்ல அவ்வுய்த்துணர்வின் உறுதியும் குறைந்துகொண்டே போகும்.

இலங்கையில் இம்முயற்சியின் வரலாறு நீண்டது. 1970 களிற் சோவியத்து நாட்டின் உதவியோடு மன்னார்த் தீவின் பேசாலையில் கிணறுகள் துளைக்கப்பட்டன. பாக்கு நீரிணையிலும் நெடுந்தீவுக் கடலிலும் 1976 இல் அமெரிக்கக் கம்பனியொன்று துளையிட்டது. 1981 இல் வேறொரு கம்பனி வடகடலிலும் மன்னார்க் குடாவிலும் துளையிட்டது. வாணிகப் பயன் எதுவும் கிட்டவில்லை. பின்னர், 2008 ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்துகொண்ட கெயின் லங்கா நிறுவனம் ஏறத்தாழ 1,750 சதுர கிலோமீற்றர் பரப்பில் முப்பரிமாண ஒலியாய்வு நடத்தி, 2011 இல் யப்பானிய ஆழ்கடற் கப்பலான 'சிக்கியூ'வைக் கொண்டு துளையிட்டது. 1,354 மீற்றர் நீராழத்தில் அமைந்த டொராடோக் கிணற்றில் 3,043.8 மீற்றருக்கும் 3,068.7 மீற்றருக்கும் இடையே, மணற்கல்லில், 25 மீற்றர் அளவான வாயுத்தம்பம் காணப்பட்டது. அடுத்த கிணறான பராகுடாவில் 4,067 மீற்றருக்கும் 4,206 மீற்றருக்கும் இடையே மூன்று வலயங்களில் 24 மீற்றர் தடிப்புக்கு வாயு கிட்டியது. டொராடோவின் வடக்கே துளைத்த மூன்றாவது கிணறு வெறுமையாயிற்று. 2013 இல் துளைத்த நான்காவதும் அவ்வாறே. 2015 ஆம் ஆண்டில், உற்பத்தி தொடங்காமலே, நிறுவனம் வெளியேறியது.

டொராடோவின் 25 மீற்றர், மேலே கணித்த ஒலியின் கூர்மை எல்லையோடு ஒத்திருத்தல் கருதத்தக்கது. அத்தடிப்பு முழுவதும் நல்ல மணலா, இடையிடையே களிப்படைகள் உண்டா என்பதைக் கிணறு கூறும், படம் கூறாது. அம்மணல் எவ்வளவு தூரம் செல்கின்றதென்பதைப் படம் குறிப்பாற் கூறும், கிணறு கூறாது. ஒரு பேச்சுக்கு, 25 மீற்றர் தடிப்பும் 20 வீத நுண்டுளைமையும், துளைகளில் 70 வீதம் வாயுவும் எனக் கொள்ளின், சதுர கிலோமீற்றர் ஒன்றுக்கு 35 இலட்சம் கனமீற்றர் இடத்தில் வாயு அடங்கும். பரப்பு 5 சதுர கிலோமீற்றரா 20 சதுர கிலோமீற்றரா என்பதனால் மட்டும் விடை நான்கு மடங்கு வேறுபடும். வடக்கே ஒரு கிணறு வெறுமையாய்ப் போனமை இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று என்பதைக் காட்டுகின்றது. கடன்சுமை மிக்க நாடொன்றில் மன்னார்ச் செல்வத்தின் பெறுமதியாகப் பேரெண்கள் எடுத்துரைக்கப்படும்போது, அவை கிணற்றில் அளந்த பாறையைக் குறிப்பனவா, படத்திற் கண்ட வடிவங்களைக் குறிப்பனவா, அவற்றுள்ளும் பாறையிற் கிடக்கும் அளவா எடுக்கத்தக்க அளவா என்று வினாவுதல் வேண்டும். கிடப்பது முழுவதும் எடுக்கத்தக்கதன்று. எடுக்கத்தக்கதும், ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட நீராழத்திலிருந்து கரைக்குக் கொணரும் செலவுக்கு ஈடுசெய்ய வேண்டும். கண்டறிந்த வாயுவைச் சூழ மேலுஞ் சில மதிப்பீட்டுக் கிணறுகள் துளைத்து, பாய்ச்சற் சோதனை நடத்தி, பழைய ஒலிப்பதிவுகளை அக்கிணறுகளோடு மீண்டும் பிணைத்து ஆராய்ந்தாலன்றி, டொராடோ மணலின் எல்லை இன்னதென வரையறுத்தல் இயலாது.