முள் நடுவில நிக்குது, எஞ்சின் சுகமோ?

இந்தமுறை எபிசோட்டில் மொனிட்டரிங் பற்றிக் கதைச்சோம். டாஷ்போர்ட் முழுக்கப் பச்சையா இருந்தாலும் சேர்வர் சுகமா இருக்கு எண்டு அர்த்தமில்லை. அதுக்கு நான் சொல்ல நினைச்ச உதாரணம் பழைய பாரவூர்தி ஒன்றின் கூலிங் சிஸ்டம். நேரம் போதாததால அதை இங்கே எழுதுகிறேன். உங்கட அப்பாவோ மாமாவோ சொந்த ட்ரக் ஓடுறார் எண்டால் அவருக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ. எஞ்சினைப் பிரிச்சுக் கட்டுற செலவு ஒரு சின்னத் தொழிலையே மூட வைக்கும்.

டிட்ரோயிட் டீசல் நிறுவனத்தின் 'சீரிஸ் 60' எஞ்சினை எடுப்பம். 1987-இல் வந்தது. ஆறு சிலிண்டர். இலத்திரனியல் கட்டுப்பாட்டோடயே விற்பனைக்கு வந்த முதல் கனரக டீசல் எஞ்சின் இதுதான். அதன் கொம்பியூட்டர் கூலன்ற்றின் சூட்டையும் அளவையும் பார்த்து எச்சரிக்கும். உரிமையாளர் அப்படி செற் பண்ணியிருந்தால் வலுவைக் குறைச்சு, எஞ்சினையே நிப்பாட்டும்.

ஆனா வெப்பநிலை சென்சர், தான் எதுக்குள்ள இருக்குதோ அதின்ட சூட்டைத்தான் சொல்லும். கூலன்ற் வடிஞ்சு சென்சரைச் சுற்றி வெறும் காற்று நிண்டால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கேக்கயே முள் கீழ இறங்கலாம். அதனால முள்ளை நம்ப முதல் மூன்று விசயம் பார்க்க வேணும்: அளவு, அழுத்தம், இரசாயனம்.

முதல் அளவு. காலையில எஞ்சின் ஆறியிருக்கேக்க தாங்கியைப் பாருங்கோ. சூடாக இருக்கேக்க மூடியைத் திறக்கவே வேண்டாம். கொதிநீர் முகத்துக்குத்தான் வரும். ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக் குறையுது, ஆனா நிலத்தில ஒரு சொட்டும் இல்லை எண்டால், அது எஞ்சினுக்குள்ள போகலாம். 2002-க்குப் பிறகு வந்த பல எஞ்சின்களில் புகையைக் குளிர்விக்கிற ஈ.ஜி.ஆர் கூலர் இருக்கு. அது வெடிச்சால் கூலன்ற் வெள்ளைப் புகையாப் போகும். பார்க்கிறவருக்குக் கசிவே தெரியாது. நிறைச்சு நிறைச்சு ஓடுறது, மெமரி லீக் உள்ள புரோகிராமை ஒவ்வொரு நாளும் ரீஸ்டார்ட் பண்ணுற மாதிரித்தான்.

இரண்டாவது அழுத்தம். தண்ணியும் எத்திலீன் கிளைக்கோலும் பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய 106 பாகை செல்சியஸில் கொதிக்கும். 15 பி.எஸ்.ஐ அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிற மூடி அதை 129 பாகை அளவுக்கு உயர்த்தும். மூடியின் இறப்பர் வெடிச்சால் அந்த 20 பாகைக்கு மேற்பட்ட பாதுகாப்பு போச்சு. முழு சிஸ்டத்திலயும் மலிவான சாமான்களில ஒன்று இது. ஆனா ரேடியேற்றரை மாத்திறவரும் பழைய மூடியையே திருப்பிப் போடுவார்.

மூன்றாவதுதான் ஆக்கள் விடுற இடம்: இரசாயனம். கனரக எஞ்சின்களில் சிலிண்டரைச் சுற்றியுள்ள லைனர் நேரடியாக் கூலன்ற்றில நனைஞ்சிருக்கும். ஒவ்வொரு வெடிப்புக்கும் லைனர் அதிரும். அந்த அதிர்வில நுண்ணிய குமிழிகள் தோன்றி, உடையேக்க இரும்பைக் குத்திக் குத்திக் கிண்டும். பழைய வகைக் கூலன்ற்றில உள்ள நைட்ரைற் இரும்பின் மேல ஒரு மெல்லிய படலம் கட்டி அதைத் தாங்கும். நைட்ரைற் தீர்ந்துபோனால் குழி ஓட்டையாகும். கூலன்ற் எண்ணெய்க்குள்ள இறங்கும். அதுவரைக்கும் முள் நடுவிலதான் நிக்கும்!

இதைப் பார்க்க ஒரு கடதாசிப் பட்டி போதும். நனைச்சு, நிறத்தை அட்டையோட ஒப்பிடுறதுதான். ஆனா உங்கட கூலன்ற் வகைக்கு உரிய பட்டியா எண்டு பாருங்கோ. புதிய நீண்டகால வகைகள் சிலதில நைட்ரைற் இருக்காது. கூலன்ற்றின் நிறத்தை வைச்சும் முடிவெடுக்காதேங்கோ. சிவப்பு, பச்சை, மஞ்சள் எண்டு எல்லாக் கொம்பனிக்கும் பொதுவான விதி ஒண்டும் இல்லை. "கனடாக் குளிருக்கு கிளைக்கோலைக் கூட விடுவம்" எண்டதும் பிழை. பாதிக்குப் பாதி கலவை −37 பாகை வரை உறையாது. தனிக் கிளைக்கோல் −13 பாகையிலயே உறைஞ்சிடும். கலக்கிறதுக்குக் குழாய்த் தண்ணி வேண்டாம், காய்ச்சி வடிச்ச சுத்த நீர்தான். குழாய்த் தண்ணியில உள்ள உப்புகள் உள்ளுக்குள்ள படிஞ்சு சூடு கடத்துறதைத் தடுக்கும்.

இனி பாகங்கள் மாத்திறது. தண்ணிப் பம்பின் கீழ ஒரு சின்னத் துளை இருக்கும். அதால கூலன்ற் வடிஞ்சால் உள்ள சீல் போகுது எண்டு அர்த்தம். துளையை அடைக்காமல் பம்பை மாத்துங்கோ. அதோட பெல்ற், ஹோஸ், தெர்மோஸ்ராற், மூடி எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கிறது நல்லம். எப்படியும் கூலன்ற்றை வடிக்கத்தானே போறீங்கள். ஹோஸை கிளாம்ப் பக்கத்தில விரலால அமத்திப் பாருங்கோ. உள்ளே பஞ்சு மாதிரி இருந்தால் அது முடிஞ்சுது. குளிர் காலையில மட்டும் கசியிற கிளாம்ப்புக்கு, தானே இறுகிற ஸ்பிரிங் வகை நல்லது.

"சூடேறுது, தெர்மோஸ்ராற்றைக் கழட்டி எறி" எண்டு சொல்லுவினம். கேக்காதேங்கோ. பல கனரக எஞ்சின்களில் தெர்மோஸ்ராற் திறக்கேக்க பைபாஸ் வழியை மூடும். அது இல்லாட்டி ஒரு பகுதிக் கூலன்ற் ரேடியேற்றருக்குப் போகாமலே சுத்தும். ஏத்தத்தில சூடு இன்னும் கூடும்.

கடைசியா, எல்லாத்தையும் ஒரு கொப்பியில திகதியோட எழுதி வையுங்கோ: எவ்வளவு நிறைச்சது, பட்டி என்ன காட்டினது, எந்தப் பாகம் எப்ப மாத்தினது. ஒரு நாளின் எண் ஒண்டும் சொல்லாது. மூண்டு மாதத்து எண்கள் கதை சொல்லும். வடிச்ச கூலன்ற்றை றோட்டில ஊத்த வேண்டாம். அது இனிக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும்.

அடுத்த எபிசோட்டில் சந்திப்பம்.